ஓட்டையை அறிந்தவரின் கடமை

டெய்ல்ஸ் என்னும் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு 2025 செப்டம்பர் 18 அன்று வெளியாயிற்று. பெரும் நிறுவனங்கள் தம் புதிய கைப்பேசிகளை மேடையமைத்து அறிமுகம் செய்யும் மாதம் அது. டெய்ல்ஸுக்கு அத்தகைய விழா எதுவும் இல்லை. எவரும் விலையின்றி இறக்கிக்கொள்ளத்தக்க ஒரு கோப்பும், மாற்றங்களை விளக்கும் ஓர் அறிவிப்பும் வெளிவந்தன, அவ்வளவே. ஆயினும் அரசுகளின் மறைசெயல்களை வெளிக்கொணரும் இதழியலாளரும், அவர்களுக்குச் செய்தி தருவோரும், கணவனின் கண்காணிப்புக்கு அஞ்சி உதவி தேடும் பெண்களும் நம்பிக் கையிலெடுக்கும் கருவி இது. இதன் ஒவ்வொரு பதிப்பும் அவர்களுடைய பாதுகாப்பின் ஒரு தவணை. ஆகவே இதைத் தொழில்நுட்பச் செய்திகளின் மூலையில் ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை.

இது செயற்படும் முறை எளிது. குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள ஒரு பென்டிரைவில் டெய்ல்ஸ் பதியப்படுகிறது. கணினியில் ஏற்கெனவே உள்ள இயங்குதளத்தைத் தொடாமல், அந்தப் பென்டிரைவிலிருந்தே கணினி தொடங்கப்படுகிறது. வேலை அனைத்தும் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே நடக்கிறது. வன்தட்டில் ஓர் எழுத்தும் பதிவதில்லை. கணினியை நிறுத்தும்போது நினைவகமும் துடைக்கப்படுகிறது. இது மிகையான எச்சரிக்கை என்று எண்ணுவோர், மின்சாரம் நின்ற பின்னும் நினைவகத்தில் தரவு சில வினாடிகள் முதல் சில நிமிடங்கள் வரை தங்கியிருப்பதையும், குளிரூட்டினால் இன்னும் நீடிப்பதையும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் செய்துகாட்டியதை நினைவிற்கொள்ள வேண்டும். கதவு தட்டப்படும் வேளையில் பென்டிரைவைப் பிடுங்கினாலே போதும். இயக்கம் அப்போதே நின்றுவிடும். எதையேனும் சேமித்தே ஆகவேண்டியவர்களுக்கு, அதே பென்டிரைவில் கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு தனிப்பகுதி உண்டு. அதைப் பயனர் தாமே விரும்பி உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

இணைய இணைப்போ முழுவதும் டோர் வலையமைப்பின் வழியே செல்கிறது. ஒரு செய்தி மூன்று இடைக்கணினிகளைக் கடந்து செல்வதால், அனுப்பியவர் யார், சேர்ந்த இடம் எது என்ற இரண்டையும் சேர்த்தறிய அவற்றுள் எந்த ஒன்றாலும் இயலாது. டோரைத் தவிர்த்து நேரே வெளியேற முயலும் நிரல் எதுவாயினும் டெய்ல்ஸ் அதைத் தடுத்துவிடும். இந்த வழிமுறையின் கருத்து 1990களின் நடுவில் பிறந்த இடம் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். முகம் மறைத்துப் பேசும் தேவை அரசுக்கே இருந்தது. தனக்கு நியாயமென்று அரசு கண்ட தேவை குடிமகனுக்கு வரும்போது மட்டும் குற்றத்தின் அறிகுறியாக மாறிவிடுவதை நாம் ஏற்பதற்கில்லை.

ஏழாம் பதிப்பு டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. கோப்புகளைச் சுருக்கும் முறையை மாற்றியதால் தொடக்க நேரம் 10 முதல் 15 வினாடி வரை குறைந்திருக்கிறது. மறுபுறம், இதுவரை 2 ஜிபி நினைவகம் போதுமென்றிருந்தது இப்போது 3 ஜிபியாக உயர்ந்துவிட்டது. இதனால் பாதிக்கப்படுவோர் பயனரில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு என்பது ஆக்கியோரின் மதிப்பீடு. மதிப்பீட்டை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்தச் சிறுபான்மையர் யார் என்பது நமக்குக் கவலை தருகிறது. பழங்கணினியை விட்டால் வேறு வழியில்லாதவர்களே அவர்கள். இக்கருவியின் தேவை மிகுந்தவர்களும் அவர்களுள் இருக்கக்கூடும்.

இந்தப் பதிப்பு லூனார் என்ற பெயரால் அறியப்பட்ட ஒரு நிரலாளரின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. 1982இல் பிறந்து 2024இல் மறைந்த அவர், டோருக்கும் டெபியனுக்கும் தொண்டு செய்தவர். டெய்ல்ஸின் நீண்டகாலத் தோழர். 2013இல் டெபியன் சமூகத்தில் அவர் முன்னின்று தொடங்கிய ஒரு முயற்சியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இன்றைய நமது வாதம் அதைச் சார்ந்தே நிற்கிறது.

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம். ஆனால் கணினியில் ஓடுவது மூலநிரல் அன்று. அதிலிருந்து தொகுக்கப்பட்ட இருமக் கோப்பு. மூலநிரலில் உள்ளதுதான் கோப்பிலும் உள்ளது என்பதற்கு என்ன உறுதி? தொகுத்தவரின் கணினியில் எவரேனும் ஊடுருவியிருக்கலாம். அல்லது அவரையே அதிகாரம் மிரட்டியிருக்கலாம். லூனாரும் அவர் தோழர்களும் கண்ட விடை இது: ஒரே மூலநிரலை உலகின் எந்த மூலையில் எவர் தொகுத்தாலும் கடைசித் துணுக்கு வரை ஒன்றேபோன்ற கோப்பு கிடைக்குமாறு தொகுப்பு முறையைச் செம்மை செய்ய வேண்டும். அப்போது கலப்படம் தானே வெளிப்பட்டுவிடும். கேட்பதற்கு எளிது, செய்வதோ பொறுமையைச் சோதிக்கும் பணி. கோப்பில் பதியும் நேரமுத்திரை, கோப்புகள் அடுக்கப்படும் வரிசை, தொகுப்பவரின் மொழியமைப்பு என ஆயிரம் சிறு வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் களைய வேண்டியிருந்தது. டெய்ல்ஸ் 2017 நவம்பரில் வெளியிட்ட 3.3ஆம் பதிப்பில் இந்த நிலையை எட்டியது.

இதனால் பயன்பெறுபவர் பயனர் மட்டுமல்லர். ஒருவரை மிரட்டிக் கோப்பில் நஞ்சு கலக்கச் செய்தாலும் அது பிறர் கண்ணுக்குத் தப்பாது என்றான பின், அவரை மிரட்டுவதற்குக் காரணமே குறைந்துபோகிறது. தம்மை நம்பச் சொல்லாமல், தம்மைச் சரிபார்க்கும் வழியைப் பிறர் கையில் கொடுத்தவர்கள் இவர்கள். நம் காலத்தின் செல்வம் மிகுந்த மென்பொருள் நிறுவனங்கள் இந்த ஒழுக்கத்தைக் கற்க இன்னும் நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருக்கிறது.

டெய்ல்ஸின் முதல் பதிப்பு 2009 ஜூனில் வந்தது. நான்கே ஆண்டுகளில் அதன்மேல் வரலாற்றின் சுமை விழுந்தது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் பரந்த கண்காணிப்பை எட்வர்ட் ஸ்னோடன் 2013இல் வெளிப்படுத்தியபோது, அவருடன் தொடர்புகொண்டு செய்தி வெளியிட்ட லாரா பாய்ட்ரஸ், கிளென் கிரீன்வால்ட், பார்ட்டன் கெல்மன் ஆகிய மூவரும் டெய்ல்ஸைப் பயன்படுத்தினர். அது தம் பணிக்கு இன்றியமையாததாக இருந்ததென்று 2014 ஏப்ரலில் வெளிப்படையாகவும் கூறினர். ஆக்கியோர் தம் படைப்பு முதற்பதிப்பு என்னும் எண்ணுக்குத் தகுதியடைந்ததாகக் கருதி 1.0 என்று வெளியிட்டதே அதே மாத இறுதியில்தான். அதற்கும் முந்தைய, முழுமை பெறாத பதிப்புகளின் மேல்தான் உலகை உலுக்கிய அந்தச் செய்திகள் பயணம் செய்தன. பின்னாளில், செய்தி தருவோர் அடையாளம் மறைத்து ஆவணங்களை அனுப்ப உதவும் செக்யூர்டிராப் அமைப்பும் இதழியலாளரின் பக்கத்தில் டெய்ல்ஸையே நம்பியது.

அரசுகள் இதை எவ்வாறு பார்த்தன? 2014 ஜூலையில் ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு நிறுவனங்களான என்டிஆரும் டபிள்யூடிஆரும் அமெரிக்க முகமையின் எக்ஸ்கீஸ்கோர் கண்காணிப்புக் கருவிக்குரிய நிரல்வரிகளை வெளியிட்டன. டெய்ல்ஸைப் பற்றி இணையத்தில் தேடுவோரைக் குறித்துவைக்கும் விதி அவற்றில் இருந்தது. தீவிரவாதிகள் பரிந்துரைக்கும் கருவி என்ற குறிப்பும் நிரலின் நடுவே எழுதப்பட்டிருந்தது. குற்றம் செய்தவரை அல்ல, கருவியைப் பயன்படுத்தியவரைக்கூட அல்ல, அதைப் பற்றி அறிய விரும்பியவரையே ஐயப்பட்டியலில் சேர்க்கும் மனப்போக்கு அது. அறிவுத் தேட்டத்தைக் குற்றத்தின் தொடக்கமாக எண்ணும் இந்தப் போக்கை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஆயினும் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையன்று. டெய்ல்ஸைத் தீயவர்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒருவன் பல ஆண்டுகள் சிறுமியரை இணையத்தில் மிரட்டி, அவர்களின் அந்தரங்கப் படங்களைப் பறித்தான். பள்ளிகளில் குண்டு வைப்பதாக அச்சுறுத்தினான். அவன் டெய்ல்ஸுக்குள் ஒளிந்துகொண்டு பேஸ்புக் வழியே இதைச் செய்தான். காவல்துறையால் நெடுநாள் அவனை நெருங்க முடியவில்லை. 2017இல் பிடிபட்டான், 2021இல் அவனுக்கு 75 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்தத் தண்டனையில் நமக்கு எள்ளளவும் வருத்தமில்லை. அந்தச் சிறுமியர் பட்ட துயரத்தின் முன்னே கருவியின் பெருமையைப் பேசுவது கொடுமையாகும்.

அவன் எவ்வாறு பிடிபட்டான் என்பது 2020 ஜூனில் மதர்போர்டு இதழின் வழியே தெரியவந்தது. டெய்ல்ஸில் இருந்த காணொளி இயக்கியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை உண்டு. பேஸ்புக் நிறுவனம் ஒரு வெளிநிறுவனத்துக்குப் பெருந்தொகை கொடுத்து, அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் நிரலை உருவாக்கச் செய்தது. அது அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையின் கைக்குச் சென்றது. பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் துணையோடு அனுப்பப்பட்ட காணொளியை அவன் திறந்தபோது, அவனுடைய உண்மையான இணைய முகவரி வெளிப்பட்டது. இதுவரை நாம் குறை கூறவில்லை. நம் கேள்வி அதற்குப் பின் நடந்ததைப் பற்றியது. டெய்ல்ஸை ஆக்கியோருக்கு இந்த ஓட்டையைப் பற்றி எவரும் சொல்லவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் செய்தியாளர்கள் கேட்டபோதுதான் அவர்கள் அப்படியொன்று நடந்ததையே அறிந்தார்கள். வரவிருந்த பதிப்பில் அந்த நிரல்பகுதி எப்படியும் நீக்கப்பட இருந்தது என்பது அந்நிறுவனத் தரப்பின் விளக்கம். அது உண்மையாகவே இருக்கட்டும். புதிய பதிப்பு வருவதற்கு இடைப்பட்ட நாள்களில் அதே இயக்கியில் காணொளி பார்த்த இதழியலாளர்கள் எத்தனை பேர்? அடக்குமுறை அரசுகளின் கீழ் வாழ்வோர் எத்தனை பேர்? அவர்கள் சார்பில் அந்த இடரை ஏற்க இந்த நிறுவனத்துக்கு அதிகாரம் தந்தவர் யார்?

ஏரிக்கரையில் கசிவைக் கண்டவன் உடனே ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டு உழவரின் பழைய முறைமை. பகைவனின் வயலை மூழ்கடிக்க அந்தக் கசிவு உதவும் என்று அதை மூடிவைத்தவனை எந்த ஊரும் மன்னித்ததில்லை. கரை உடைந்தால் நீர் ஆள் பார்த்துப் பாயாது. மென்பொருள் ஓட்டையும் அத்தகையதே. ஒரு குற்றவாளியை மட்டும் காட்டிக்கொடுத்து ஏனையோரைக் காக்கும் ஓட்டை என்று ஒன்று இல்லை.

இது வெறும் அச்சமன்று, நடந்து முடிந்தது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை அறிந்து, மைக்ரோசாப்டுக்குத் தெரிவிக்காமல் தன் ஒற்றுப்பணிக்குப் பல ஆண்டுகள் வைத்துக்கொண்டது. அதற்கென முகமை அமைத்த எட்டர்னல்புளூ என்னும் நிரல் களவுபோய், 2017 ஏப்ரலில் இணையத்தில் கொட்டப்பட்டது. அதற்கு முந்தைய மாதமே மைக்ரோசாப்டு திருத்தம் வெளியிட்டிருந்தும் எண்ணற்ற கணினிகளில் அது சென்று சேரவில்லை. மே 12 அன்று வான்னாக்ரை என்னும் தீநிரல் அதே ஓட்டையின் வழியே உலகெங்கும் பாய்ந்தது. இங்கிலாந்தில் தேசிய நலவாழ்வுப் பணியின் மருத்துவமனை அறக்கட்டளைகளுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 நோயாளர் சந்திப்புகளும் சிகிச்சைகளும் நின்றுபோயிருக்கக்கூடும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை குறிப்பிட்டது. ஒற்றர்க்கென்று மறைத்து வைத்த ஆயுதம் நோயாளியின் படுக்கையருகே வந்து வெடித்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2021இல் வெளிவந்த பெகாசஸ் விவகாரம் இத்தகைய ஓட்டை வாணிகத்தின் விளைவே. ஆக்கியோர் அறியாத ஓட்டைகளின் வழியே கைப்பேசிகளுக்குள் நுழையும் அந்த உளவுநிரலால் இந்திய இதழியலாளரும் அரசியலாளரும் குறிவைக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு 29 கைப்பேசிகளை ஆராய்ந்தது. ஐந்தில் ஏதோ ஒரு தீநிரல் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதி சொல்ல இயலவில்லை. ஒன்றிய அரசு குழுவுடன் ஒத்துழைக்கவில்லை என்பதையும் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் வெளிப்படையாகக் குறிப்பிட்டது. அதே நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர் அமர்வு, புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்க உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் உள்ளார்ந்த கூறு என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்புக்கும் இந்த ஒத்துழையாமைக்கும் இடையில் உள்ள தொலைவை நம் ஆட்சியாளர்கள் அளந்து பார்க்கட்டும்.

ஓட்டைகளை நேர்வழியில் கையாள முடியும் என்பதற்கு டெய்ல்ஸே சான்று. ராடிக்கலி ஓபன் செக்யூரிட்டி என்னும் தணிக்கை அமைப்பு டெய்ல்ஸை ஆராய்ந்தது. ஏதேனும் ஒரு செயலியை ஏற்கெனவே வசப்படுத்திய தாக்குநர், அங்கிருந்து மேலேறி முழு அமைப்பையும் நிலையாகக் கைப்பற்றும் வழிகள் சில இருப்பதை அது கண்டது. கண்டதை ஆக்கியோரிடம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த 6.11ஆம் பதிப்பில் அவை அடைக்கப்பட்டன. குறை என்ன, எவ்வளவு கொடியது, பயனர் என்ன செய்ய வேண்டும் என்பவை மறைவின்றி அறிவிக்கப்பட்டன. 2022 மேயில் உலாவியில் ஓர் ஓட்டை தெரியவந்தபோது, அடுத்த பதிப்பு வரும்வரை கடவுச்சொல் போன்ற மறைபொருள்களுக்கு நம் உலாவியைப் பயன்படுத்தாதீர்கள் என்று தம் பயனருக்கு அவர்களே சொன்னார்கள். தம் படைப்பைப் பயன்படுத்த வேண்டாமென்று தாமே அறிவிக்கும் துணிவு எத்தனை நிறுவனங்களுக்கு உண்டு?

அந்த நேர்மை, கருவியால் இயலாதவற்றைச் சொல்வதிலும் தெரிகிறது. கணினியின் வன்பொருளிலேயே எவரேனும் கைவைத்திருந்தால் டெய்ல்ஸ் காக்காது. தம் பெயரில் உள்ள கணக்கில் நுழைந்துகொண்டு அடையாளம் மறைந்திருப்பதாக நினைப்பவரையும் அது காக்காது. டோரைப் பயன்படுத்துகிறீர் என்பதும் இணையச் சேவை தருவோருக்குப் பொதுவாகத் தெரியும். இவற்றை ஆக்கியோரே தம் ஆவணங்களில் எச்சரிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாகப் பயன்படுத்துவோர் முதலில் படிக்க வேண்டியவை அந்தப் பக்கங்களே.

இனிச் செய்யவேண்டியவை பற்றி. குற்றப் புலனாய்வுக்கு ஓட்டையைப் பயன்படுத்துவதை முற்றிலும் தடைசெய்யக் கோரும் தீவிர நிலைப்பாட்டை நாம் எடுக்கவில்லை. அந்தச் சிறுமியரின் வழக்கு அதற்கு இடம் தரவில்லை. நீதிமன்ற ஆணையுடன், பெயர் குறித்த ஓர் ஐயத்துக்குரியவர்மேல், வேறு வழி அடைபட்ட நிலையில் அது பயன்படட்டும். ஆனால் அந்த ஆணையிலேயே ஒரு கெடுநாள் எழுதப்பட வேண்டும். அந்நாளுக்குள் ஓட்டையின் முழு விவரம் மென்பொருளை ஆக்கியோரின் கையில் சேர்ந்தாக வேண்டும். அதற்குப் பணம் கொடுத்த தனியார் நிறுவனத்தையும் இக்கடமை கட்ட வேண்டும். அரசு அறிந்த ஓட்டைகளை எப்போது வெளியிடுவது, எப்போது வைத்துக்கொள்வது என்பதற்கான விதிமுறையை அமெரிக்கா 2017இலும் பிரிட்டன் 2018இலும் மக்கள் பார்வைக்கு வைத்தன. அந்த விதிகளில் விலக்குகள் மிகுதி. மனநிறைவு தருபவை அல்ல. ஆயினும் வாதிடுவதற்கு ஓர் ஆவணமேனும் மக்கள் முன் உள்ளது. இந்திய அரசும் தன் புலனாய்வு அமைப்புகளுக்கு அத்தகைய விதிகளை வகுத்து, நாடாளுமன்றத்தில் வைத்து விவாதிக்க வேண்டும்.

மற்றொரு கடமை செய்தித்துறைக்கு உரியது. டெய்ல்ஸ் நன்கொடைகளால் வாழ்கிறது. ஸ்னோடன் ஆவணங்களால் புகழும் விருதும் பெற்ற செய்தி நிறுவனங்கள் பல. அந்தப் பணியைச் சுமந்த கருவியோ நெடுங்காலம் ஒரு சிறு குழுவின் தோளில், சிறிய வரவுசெலவில் நின்றது. 2024 செப்டம்பரில் அது டோர் திட்டத்துடன் ஒன்றிணைந்ததே, நிதி திரட்டல், பணியாளர் மேலாண்மை முதலிய நிருவாகச் சுமையைப் பகிர்ந்துகொண்டு ஆக்கப்பணியில் கருத்தூன்றுவதற்காகத்தான். உலாவியின் திருத்தங்களுக்கு ஈடுகொடுத்து ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியாக வேண்டியிருக்கிறது. ஒரு முறை தவறினாலும் அந்த இடைவெளியில் எவரோ ஒருவர் அகப்படக்கூடும். மறைசெய்திகளை வரவேற்கும் ஒவ்வொரு பெரிய நாளிதழும், தமிழ் நாளிதழ்கள் உட்பட, தன் ஆண்டுச் செலவுத் திட்டத்தில் அச்சுத்தாளுக்கும் மைக்கும் ஒதுக்குவதுபோல் இதற்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்று நாம் கோருகிறோம். தன் இதழியலாளருக்கு இக்கருவியில் பயிற்சியளிப்பதும் அந்தத் தொகையிலேயே அடங்கட்டும். செய்தி தருபவர் வந்து கதவைத் தட்டிய பிறகு கற்கத் தொடங்கினால் அது அவருக்குப் பயன்படாது.